நாற்பது குதிரை

என்ர போட்டின் பின்பக்கத்தில் யமஹா.
நெஞ்சோடு அணைத்து வாசிக்கிறதும் யமஹா.
ஒரே பேர், ஒரே வட்டம்,
வட்டத்துக்குள் அதே மூன்று இசைக்கவை.
ஒன்றுக்கு நாற்பது குதிரை,
மற்றதுக்கு ஆறு கம்பி.

சனி இரவுகளில் உப்புவெளி ஹொட்டலொன்றில் வாசிக்கிறோம்.
பாலையூற்று லெஸ்டர் அவுட்ஸ்கூன்
ஃபெண்டரைத் தவிர வேறெதையும் தொடமாட்டான்.
ரீசேட்டில் அந்தப் பேர்,
மோட்டார் சைக்கிள் தாங்கியில் அந்தப் பேர்.
மகள் பிறந்தபோது மனைவி முந்திக்கொண்டாள்;
பிள்ளை தப்பியது.

"உன்ர கிற்றாரில மண்ணெண்ணெய் மணக்குது மச்சான்" என்பான்.
"உன்ரய மழை எண்டு சொன்னாலே சுருதி இறங்குது.
என்ரயக் கடலில போட்டு இழுத்தாலும்
ஈ மேஜர் ஈ மேஜர்தான்" என்பேன்.
டிரம்ஸில் இம்தாத்
எங்களைப் பார்க்காமலே குச்சியைத் தட்டுவான்.
அவன்ர டிரம்ஸில் ஒட்டியிருந்த பேர் எப்போதோ உரிந்துபோயிற்று.
உரிந்தது அவனுக்குத் தெரியாது.

என்னுடையதில் கம்பி அறுந்தால், உப்புக்காற்று.
அவனுடையதில் அறுந்தால், ஃபெண்டர்.
அவனிடமும் இதே கணக்குக் கொப்பி இருக்கிறது,
பேர்கள் மட்டும் இடம் மாறி.

யாருக்கும் சொல்லாத ஒன்று:
போன ஆடியில், கோணேசர் மலைக்கு வெளியே எட்டு மைலில்
என் நாற்பது குதிரையும் படுத்துவிட்டன.
கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது.
மலை சுருங்கிச் சுருங்கி ஒரு புளியங்கொட்டை.
கயிற்றை இழுத்தேன், இருமியது.
பிளக்கைத் துடைத்தேன், மாதாவைக் கூப்பிட்டேன்,
அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று இசைக்கவையில் ஒன்றாவது
ஒலிக்கவேண்டுமே.

விடியப்புறம் ஒரு போட் வந்து கட்டி இழுத்தது.
அதன் பின்பக்கத்தில் சுசூக்கி.
கரை வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.
"எண்ணெயில தண்ணி" என்றேன், கேட்டவர்களுக்கும்
கேட்காதவர்களுக்கும்.
இழுத்து வந்தவன் யூட்.
லெஸ்டரின் மனைவிக்குத் தம்பி.

கார்த்திகையில் லெஸ்டருக்குக் காய்ச்சல்.
"கழுத்து ஆடுது, கிண்ணியாவுக்குக் கொண்டுபோ" என்று
பிள்ளையைத் தருவதுபோலத் தந்தான்.
ரீவி திருத்துகிற நௌபீக்
நாலு திருகாணியைக் கழற்றிக் கழுத்தைத் தூக்கினான்.
உள்மரத்தில் ஒரு முத்திரை.
வேறு பேர். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
"ஒட்டினவன் கெட்டிக்காரன்" என்றான் நௌபீக்.
பிறகு ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு,
"சத்தத்தில பிழை சொல்லேலாது."

பதினோரு வருசம் காத்திருந்த இரை
தானாகவே வள்ளத்துக்குள் துள்ளி விழுந்திருக்கிறது.
"இறுக்கிப் பூட்டு" என்றேன்.

திரும்பும் வழியில் டச்சுக்குடாவில் நின்றேன்.
மழை விட்டிருந்தது.
ஒரு மான் வந்தது, பையை முகர்ந்தது,
வெளியே தொங்கின தோல்வாரை
உப்புக்காக நக்கியது.
நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை.
வாங்கித் தோளில் மாட்டி ஒருதரம் தடவினான்.
"பாத்தியா, ஃபெண்டர் எண்டா ஃபெண்டர்."
வாயைத் திறந்தேன்.
அவன் சுருதிச் சாவியைத் திருக்கிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல், மெல்ல,
"எண்ணெயில இப்ப தண்ணி இல்லையே?"

அலை ஒன்று வந்து போகிற நேரம்.

"இல்லை" என்றேன்.
"கழுத்து?" என்றான்.
"இறுக்கமா இருக்கு."
"உள்ளுக்க எல்லாம் சரிதானே?"
"சரிதான்."

தெரிந்து கேட்டானா, தெரியாமலா,
இன்றைக்கும் பிடிபடவில்லை.

இம்தாத் குச்சியைத் தட்டினான்.
இரண்டாம் பாட்டு முடிய லெஸ்டர் மைக்கைக் கையால் பொத்தி,
"சுருதி இறங்கினது உன்ரதான், யமஹாக்காரா" என்றான்.
"உப்புக்காற்று" என்றேன்.